அயல்நாட்டு ஆசிரியரிடம் சட்டம் எதைக் கேட்கலாம்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாழ்நாள் முழுவதையும் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்த ஒரு தலைமையாசிரியரின் நினைவைப் போற்றும் சொற்பொழிவு இது. ஆசிரியப் பணியைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த மேடைக்குப் பொருந்தும். நான் எடுத்துக்கொண்டிருப்பது, மாணவ ஆசிரியர்களாகிய உங்களில் பலர் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் விஷயம். பி.எட். முடித்த பிள்ளைகளுக்கு இன்று மாலத்தீவு, வளைகுடா, இங்கிலாந்து என்று பல திசைகளிலிருந்து அழைப்பு வருகிறது. மாலத்தீவின் தீவுப் பள்ளிகளில் தமிழ்நாட்டு, கேரள ஆசிரியர்கள் நெடுங்காலமாகவே பாடம் நடத்திவருகிறார்கள். போகிறவர் முதலில் சந்திப்பது மாணவர்களை அல்ல, நிபந்தனைகளை. பட்டச் சான்று, காவல்துறை நன்னடத்தைச் சான்று, மொழித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, விசா, ஸ்பான்சர் கடிதம் என்று அது ஒரு நீண்ட வரிசை.

இந்த வரிசையில் எது நியாயமானது, எது நியாயமற்றது? இன்று இதைத்தான் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டுப் பாருங்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அதனால் ஏதாவது குறைகிறதா? குறைகிறது என்றால், அந்த நிபந்தனையைக் கேட்கச் சட்டத்துக்கு முழு உரிமை உண்டு. எதுவும் குறையவில்லை என்றால், அது யாரோ ஒருவருடைய அச்சத்துக்காகவோ வசதிக்காகவோ எழுதப்பட்டது. அப்படிப்பட்ட நிபந்தனை குழந்தையின் பெயரைச் சொல்லி நிற்கக் கூடாது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கைந்து நாடுகளுக்குப் போய், கடைசியில் நம் ஊருக்கே திரும்பி வருவோம்.

நியூயார்க்: குடியுரிமை என்ற நிபந்தனை

1979 ஏப்ரல் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆம்பாக் எதிர் நார்விக் என்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் சூசன் நார்விக், ஸ்காட்லாந்தில் பிறந்த பிரிட்டிஷ் குடிமகள். மற்றவர் தார்யா டாஹிங்கர், பின்லாந்துக்காரர். இருவரும் அமெரிக்கர்களை மணந்து நியூயார்க் மாநிலத்தில் நிரந்தரமாக வாழ்ந்தவர்கள். இருவரும் அமெரிக்கக் கல்லூரிகளில் சிறப்புத் தேர்ச்சியோடு பட்டம் பெற்று, மேற்பட்டமும் முடித்தவர்கள். நார்விக் ஏற்கெனவே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வகுப்பெடுத்தவர்.

பொதுப் பள்ளியில் நிரந்தரச் சான்றிதழ் கேட்டு இருவரும் விண்ணப்பித்தார்கள். கல்வித் துறை மறுத்துவிட்டது. அன்றைய நியூயார்க் கல்விச் சட்டத்தின்படி, அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர், குடியுரிமை பெறும் எண்ணத்தையும் வெளிப்படுத்தாதவர் பொதுப் பள்ளி ஆசிரியராகச் சான்று பெற முடியாது. இந்த இருவரும் குடியுரிமைக்குத் தகுதியுள்ளவர்கள். ஆனால் பிறந்த நாட்டின் குடியுரிமையை விட்டுவிட அவர்களுக்கு மனமில்லை. அந்த விதி எழுதப்பட்ட ஆண்டு 1918. முதல் உலகப் போர் முடியாத நேரம், அயல்நாட்டார் என்றாலே ஐயத்தோடு பார்த்த காலம்.

ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. நீதிபதி பவல் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: பொதுப் பள்ளி ஆசிரியர் வெறும் பாடம் சொல்பவர் அல்லர். ஒரு சமூகத்தின் குடிமைப் பண்புகளை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். அந்தப் பொறுப்பு அரசின் ஆட்சிப் பணியோடு நெருங்கியது. ஆகவே குடிமக்களுக்கு மட்டும் அதை ஒதுக்கிவைக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன் வேறொரு கேள்வியை எழுப்பினார். ஸ்பெயினையோ லத்தீன் அமெரிக்காவையோ கண்ணால் கண்டிராத குடிமகன் ஸ்பானிய மொழி கற்பிக்கலாம், அந்தப் பண்பாட்டில் இருபது ஆண்டு வாழ்ந்தவர் குடிமகன் அல்லாததால் கற்பிக்கக் கூடாது என்றால், அதில் என்ன அறிவு இருக்கிறது என்று கேட்டார்.

பவல் சொன்னதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆசிரியர் பண்புகளைக் கடத்துபவர் என்பது உண்மை. அதை நம்புவதால்தான் நாமெல்லாம் இந்தத் தொழிலுக்கு வந்தோம். ஆனால் அளவுகோலை வைத்துப் பாருங்கள். கடவுச்சீட்டின் நிறம் மாறிய மறுநாள் ஒருவருடைய பண்பு மாறிவிடுமா? குடிமைப் பண்பு வேண்டும் என்றால் அந்த நாட்டின் அரசமைப்பையும் வரலாற்றையும் பற்றி ஒரு தேர்வு வைக்கலாம், நடத்தையைப் பார்க்கலாம். தனியார் பள்ளிகளுக்கு அந்த நிபந்தனை கிடையாது என்பதையும் கவனியுங்கள். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் நாளைய குடிமகன்தானே? அந்தப் பிள்ளைக்கு எதுவும் குறையவில்லை என்றால், பொதுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் என்ன குறைந்துவிடும்?

ஃபிரைபுர்க், டப்ளின்: ஒரே நீதிமன்றம், இரண்டு விடைகள்

ஏழு ஆண்டுகள் கழித்து இதே கேள்வி ஐரோப்பாவில் எழுந்தது. டெபோரா லாரி-ப்ளூம் பிரிட்டிஷ் குடிமகள். ஜெர்மனியில் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் படித்து, மேல்நிலைப் பள்ளி ஆசிரியருக்கான முதல் தேர்வில் தேறியவர். ஜெர்மனியில் அதன் பிறகு பள்ளியில் பயிற்சிப் பணி செய்து இரண்டாம் அரசுத் தேர்வு எழுதினால்தான் முழுமையான ஆசிரியர் ஆக முடியும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் அவரைப் பயிற்சிப் பணியில் சேர்க்க மறுத்தது. பயிற்சி ஆசிரியர் அரசு ஊழியர் நிலையில் இருப்பவர், அதற்கு ஜெர்மன் குடியுரிமை வேண்டும் என்பது காரணம்.

ஐரோப்பிய நீதிமன்றம் 1986 ஜூலை 3 அன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஊதியம் பெற்றுக்கொண்டு, இன்னொருவர் வழிகாட்டுதலில், பயனுள்ள பணி செய்கிறவர் தொழிலாளர்தான். பயிற்சி ஆசிரியரும் அப்படியே. அரசுப் பணி என்ற விதிவிலக்கு, அரசின் அதிகாரத்தைச் செலுத்தும் பதவிகளுக்கானது. வகுப்பெடுப்பது அந்த வகையில் சேராது. 1991இல் பிரான்ஸின் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வு குறித்து ஒரு ஜெர்மானியப் பெண் தொடுத்த வழக்கிலும் இதே விடை கிடைத்தது. ஆசிரியரின் வேலையைப் பவல் ஆட்சிப் பணியாகப் பார்த்தார், லக்சம்பர்கில் உள்ள அந்த ஐரோப்பிய நீதிமன்றத்தின் நீதிபதிகள் அதைத் தொழிலாகப் பார்த்தார்கள். இந்த உரிமை அன்றைய ஐரோப்பியச் சமூக (இன்றைய ஐரோப்பிய ஒன்றிய) நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது நேரடியாகப் பயன்படாது. இன்றும் இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் ஆசிரியருக்குப் பெரிய தடை குடியுரிமை அன்று, பாட அமைப்பு. பெரும்பாலான மாநிலங்களில் ஆசிரியர் இரண்டு பாடங்களில் தகுதி பெற்றிருக்க வேண்டும். ஒரு பாடத்தில் பட்டமும் பி.எட்.டும் வைத்திருப்பவர் அங்கே மறுபடி படிக்க நேரிடுகிறது. ஜெர்மன் மொழியிலும் உயர்நிலைத் தேர்ச்சி வேண்டும்.

அதே நீதிமன்றம் 1989 நவம்பரில் வேறொரு ஆசிரியைக்கு எதிர்மறையாகப் பதில் சொன்னது. அனிதா குருனர் நெதர்லாந்துக்காரர். டப்ளினில் ஒரு அரசுத் தொழிற்கல்லூரியில் பகுதி நேரமாக ஓவியம் கற்பித்தவர். நிரந்தரப் பணிக்குத் தேர்வானபோது ஐரிஷ் மொழித் தேர்ச்சிச் சான்று கேட்டார்கள். மொழி வகுப்புக்குப் போனார், வாய்மொழித் தேர்வில் தேறவில்லை. வகுப்புகள் நடப்பது ஆங்கிலத்தில். ஓவியத்துக்கு ஐரிஷ் எதற்கு என்பது அவருடைய கேள்வி. நீதிமன்றமோ, அயர்லாந்தின் முதல் அலுவல் மொழி ஐரிஷ், அதை வாழவைக்கும் கொள்கை நாட்டுக்கு உண்டு, அந்தக் கொள்கையில் ஆசிரியருக்குப் பங்கு உண்டு என்றது. மாணவர்களோடு அன்றாடம் பழகுபவர் அவர்தானே!

இந்தத் தீர்ப்பில் நான் பெரிதும் மதிப்பது அதன் எல்லைக்கோடுகளை. மொழி நிபந்தனை எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். நோக்கத்துக்கு மீறிய கடுமை கூடாது. அந்த மொழியை அந்த நாட்டு மண்ணில்தான் கற்றிருக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது. தேறாதவருக்கு மறுபடி எழுத வாய்ப்பு இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்பவர் தமிழ் அறிந்திருக்க வேண்டும் என்று கேட்கிற நாம், குருனர் வழக்கின் நியாயத்தை உடனே புரிந்துகொள்வோம். மொழியை யாரும் கற்கலாம். பிறப்பை யாரும் கற்க முடியாது.

கொரியா: பாதுகாப்பும் அச்சமும்

அடுத்து, குழந்தையின் பாதுகாப்பு. இதில் தயவு தாட்சண்யத்துக்கு இடமில்லை.

2007இல் தாய்லாந்தில் கனடா நாட்டு ஆசிரியர் ஒருவர் சிறார் மீதான பாலியல் குற்றத்துக்காகக் கைதானார். அவர் அதற்கு முன் தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பித்தவர் என்று தெரியவந்ததும் அந்த நாடு அதிர்ந்துபோயிற்று. மொழி கற்பிக்கும் அயல்நாட்டாருக்கான ஈ-2 விசாவின் விதிகள் இறுக்கப்பட்டன. இந்த விசா பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய 7 நாட்டாருக்குத் தரப்படுவது. சொந்த நாட்டுக் குற்றப் பதிவேட்டுச் சான்று கட்டாயமானது. அளவுகோலை வைத்துப் பாருங்கள். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் குழந்தை ஆபத்துக்கு ஆளாகிறது. ஆகவே அது நியாயம், இன்னும் கடுமையாகக் கேட்டாலும் நியாயம். இங்கிலாந்திலும் இதே கதைதான். 2002இல் சோஹாம் ஊரில் இரண்டு சிறுமிகள் பள்ளிப் பணியாளர் ஒருவரால் கொல்லப்பட்டார்கள். அவர் மீது முன்பு வந்த புகார்கள் பள்ளிக்குத் தெரியாமலே போயிருந்தன. அதன் மேல் நடந்த விசாரணைக்குப் பிறகு இறுக்கப்பட்டதுதான் இன்று அங்கே பள்ளியில் வேலைக்குச் சேரும் எவரும் கடந்தாக வேண்டிய பின்னணிச் சோதனை முறை.

கொரியா அத்தோடு நிற்கவில்லை. போதைப்பொருள் பரிசோதனையோடு எச்.ஐ.வி. பரிசோதனையையும் சேர்த்தது. உல்சான் நகரப் பள்ளி ஒன்றில் கற்பித்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவரிடம் 2009இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுபடி பரிசோதனை கேட்டார்கள். கொரியர்களுக்கும் கொரிய வம்சாவளி ஆசிரியர்களுக்கும் இல்லாத பரிசோதனை எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டு அவர் மறுத்தார். வேலை போயிற்று. அவர் ஐ.நா.வின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழுவிடம் முறையிட்டார். 2015இல் அந்தக் குழு, பொதுச் சுகாதாரக் காரணம் எதுவும் இந்தப் பரிசோதனைக்கு இல்லை, இது பாகுபாடு என்று முடிவு சொன்னது. 2017இல் கொரியா அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது.

ஒரே விசாவின் இரண்டு நிபந்தனைகள். ஒன்று குழந்தையைக் காக்கிறது. மற்றொன்று அயலார் நோயைக் கொண்டுவருவார் என்ற பழைய அச்சத்தைச் சட்டமாக்குகிறது. வகுப்பில் உடன் இருப்பதால் எச்.ஐ.வி. பரவாது என்பதை நம் ஊர்ப் பள்ளிப் பாடப் புத்தகமே சொல்லிக்கொடுக்கிறது. நிபந்தனைகளை மொத்தமாக ஏற்பதும் மொத்தமாகத் தூற்றுவதும் இரண்டும் தவறு என்பதற்கு இந்த விசா நல்ல சான்று. ஒவ்வொன்றாகத்தான் எடைபோட வேண்டும்.

இங்கிலாந்து: சான்றின் மதிப்பு

மாணவ ஆசிரியர்களே, இந்தப் பகுதியை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் தகுதிபெற்ற ஆசிரியர் என்ற நிலைக்கு க்யூ.டி.எஸ். என்று பெயர். முன்பு ஐரோப்பிய நாடுகள், ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா போன்ற சில நாடுகளில் பயின்றவர்களே இதை நேரடியாகக் கேட்க முடிந்தது. 2023 பிப்ரவரியில் விதி மாறியது. இந்தியா, கானா, நைஜீரியா, ஜமைக்கா, ஜிம்பாப்வே, தென் ஆப்பிரிக்கா, சிங்கப்பூர், ஹாங்காங், உக்ரைன் ஆகிய இடங்களில் பயிற்சி பெற்றவர்களுக்கும் கதவு திறந்தது. ஆனால் முழுதாக அன்று. 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் ஆகியவற்றைக் கற்பிக்கத் தகுதியுள்ளவர்களுக்கு மட்டும். பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் குறைந்தது ஓராண்டு அனுபவமும் வேண்டும், ஆசிரியப் பணியிலிருந்து தடை செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது, ஆங்கிலத் திறன் வேண்டும். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன். க்யூ.டி.எஸ். வாங்கித் தருகிறேன், இவ்வளவு லட்சம் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால், இலவசமாகக் கிடைப்பதை உங்களிடம் விற்கிறார் என்று பொருள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். க்யூ.டி.எஸ். என்பது விசா அன்று. அது கையில் இருந்தாலும், ஸ்பான்சர் உரிமம் பெற்ற பள்ளி ஒன்று வேலை கொடுத்தால்தான் அங்கே போக முடியும். தகுதி, வேலை, குடிவரவு ஆகிய மூன்றும் தனித்தனிச் சட்டங்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை உறுதி சொல்பவரை நம்பாதீர்கள்.

சான்றிதழ்களுக்கு வருவோம். 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் கையெழுத்தான உடன்படிக்கைதான் அப்போஸ்டில் முறையின் தொடக்கம். ஒரு நாட்டின் பொது ஆவணத்தை மற்றொரு நாடு ஒரே முத்திரையில் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. இந்தியா 2005 முதல் அதில் இருக்கிறது. பட்டச் சான்றை முதலில் மாநில அரசு சரிபார்த்து ஒப்பமிட வேண்டும், பிறகு வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் தரும். உடன்படிக்கையில் சேராத நாடுகளுக்கு அந்த நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் கத்தாருக்கும் போகிறவர்கள் இந்த வழியில்தான் போய்வந்திருக்கிறார்கள். அப்போஸ்டில் முத்திரை, சான்றிதழ் உண்மையானது என்று மட்டுமே சொல்கிறது. அந்தப் படிப்பு எங்கள் நாட்டுப் படிப்புக்கு இணையானது என்று சொல்வது அங்குள்ள கல்வித் துறையின் வேலை. முத்திரை கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று பணியை விட்டுவிட்டுப் புறப்படுபவர்கள் இந்த வேறுபாட்டை அங்கே போய்த்தான் அறிகிறார்கள்.

லூசியானா, மேரிலாந்து: கேட்கும் சட்டம் காக்கவும் வேண்டும்

இதுவரை ஆசிரியரிடம் சட்டம் கேட்பவற்றைப் பார்த்தோம். இவ்வளவு கேட்கும் சட்டம் அவருக்கு என்ன கொடுக்கிறது?

2007 முதல் 2009 வரை பிலிப்பைன்ஸிலிருந்து 350க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பள்ளிகளுக்கு எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தார்கள். எல்லோரும் முறையான தகுதி உள்ளவர்கள். அவர்களை அழைத்துவந்த ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒவ்வொருவரிடமும் சுமார் 16,000 டாலர் வரை கட்டணம் வாங்கியது. வீட்டை அடகுவைத்து, வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டியவர்கள் பலர். மேற்கொண்டு சம்பளத்திலும் ஒரு பங்கு கேட்டார்கள். எதிர்த்துப் பேசினால் நாடு கடத்தப்படுவீர்கள் என்று மிரட்டப்பட்டதாக ஆசிரியர்கள் முறையிட்டார்கள். கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2012 டிசம்பரில் நடுவர் குழு அவர்களுக்கு 45 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது.

மேரிலாந்தில் பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டப் பள்ளி நிர்வாகத்தின் கதை இன்னும் நுட்பமானது. எச்-1பி விசாவுக்கான செலவை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அங்கே அதை ஆசிரியர்களே கட்டியிருந்தார்கள். 2011இல் தொழிலாளர் துறை தலையிட்டு, 1,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு 42 லட்சம் டாலர் திருப்பித் தர வைத்தது. நீதி கிடைத்தது என்று மகிழலாமா? அந்த நிர்வாகம் இரண்டு ஆண்டுகளுக்கு அயல்நாட்டு ஊழியர்களுக்கு விசா விண்ணப்பம் செய்யக் கூடாது என்றும் தடை வந்தது. விளைவு, விசாக் காலம் முடிந்த ஆசிரியர்கள் வேலையை இழந்தார்கள். தவறு செய்தது நிர்வாகம். வீட்டைக் காலி செய்தது ஆசிரியர்.

இதற்குக் காரணம் விசாவின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. ஒரே முதலாளியோடு கட்டப்பட்ட விசாவில் வாழ்பவர் முதலாளியை எதிர்த்துப் பேசத் துணிய மாட்டார், துணிந்து வென்றாலும் தோற்றவராகவே ஊர் திரும்புவார். என் அளவுகோல் இங்கேயும் பொருந்துகிறது. கடனும் அச்சமும் சுமந்து நிற்கும் ஆசிரியர் வகுப்பில் முழு மனத்தோடு இருக்க முடியுமா? ஆசிரியரைக் காக்கும் விதியை எடுத்துவிட்டால் குழந்தைக்குக் குறைகிறது. ஆகவே அவருக்கு வேறு பள்ளிக்கு மாறும் கால அவகாசமும், ஏஜென்ட் கட்டணத்துக்குத் தடையும், தாய்மொழியில் விளங்கும் ஒப்பந்தமும் தரவேண்டியது கருணை அன்று. கல்விச் சட்டத்தின் பகுதியாகவே அவை இருக்க வேண்டும்.

சிறு நாடுகள் எழுப்பிய குரல்

இந்தச் சிந்தனையை உலக மேடைக்குக் கொண்டுவந்தவை பணக்கார நாடுகள் அல்ல. 2001 வாக்கில் நியூயார்க்கும் லண்டனும் ஜமைக்கா ஆசிரியர்களைக் கூட்டமாக அழைத்துப் போயின. ஜமைக்காவின் பள்ளிகள் நடுவாண்டில் ஆசிரியரின்றித் தவித்தன. இப்படி ஆசிரியரை இழந்த சிறு நாடுகள் 2002இல் பார்படாஸில் கூடிக் குரல் எழுப்பின. அதன் தொடர்ச்சியாக 2004 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ஸ்டோக் ரோச்ஃபோர்ட் ஹால் என்ற இடத்தில் காமன்வெல்த் கல்வி அமைச்சர்கள் ஆசிரியர் ஆள்சேர்ப்பு நெறிமுறையை ஏற்றார்கள். ஆசிரியருக்கு இடம்பெயரும் உரிமை உண்டு, அனுப்பும் நாட்டின் கல்வி சிதையக் கூடாது, போகும் இடத்தில் அந்நாட்டு ஆசிரியருக்குச் சமமாக நடத்தப்பட வேண்டும், ஏஜென்சிகள் கண்காணிக்கப்பட வேண்டும் என்பவை அதன் உள்ளடக்கம். சட்டக் கட்டாயம் இல்லாத ஆவணம்தான். ஆனாலும் அனுப்பும் நாட்டுக் குழந்தையையும் கணக்கில் சேர்த்த ஆவணம் அது. நான் சொன்ன அளவுகோலில் இரண்டு வகுப்பறைகள் இருக்கின்றன: ஆசிரியர் போய்ச் சேரும் வகுப்பறையும், அவர் விட்டுவிட்டுப் போகும் வகுப்பறையும்.

நாம் செய்யவேண்டியவை

இனி இந்த அளவுகோலை நம் மீதே வைப்போம்.

முதலாவது, நம் ஆசிரியருக்குத் தொழில்முறைப் பதிவேடு இல்லை. மருத்துவருக்கு மருத்துவ ஆணையம் உண்டு, வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் உண்டு. பதிவு எண் இருக்கிறது, ஒழுங்கு நடவடிக்கை இருக்கிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் தகுதிகளை வகுக்கிறது. டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வும் வந்தது. ஆனால் இவர் ஆசிரியராகப் பதிவு பெற்றவர், இவர் மீது தடை எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதித்தர நாடு தழுவிய அமைப்பு கிடையாது. அயல்நாட்டார் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். பதிவேடு வந்தால் வெளியே போகிறவருக்கு மட்டுமா நன்மை? ஒரு மாவட்டத்தில் குழந்தையிடம் தவறாக நடந்து விலக்கப்பட்டவர் அடுத்த மாவட்டத்தில் தனியார் பள்ளியில் சேர்வதைத் தடுக்கவும் அதுவே வழி.

இரண்டாவது, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்ற உச்சவரம்பு உண்டு. ஆனால் பத்தாம் வகுப்புத் தேறியவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. படித்தவர் தம்மைக் காத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் எழுந்த விதி. லூசியானாவுக்குப் போன ஆசிரியர்கள் எல்லோரும் படித்தவர்கள்தான். செவிலியர் விஷயத்தில் இந்த நம்பிக்கை பொய்த்ததை அரசு உணர்ந்தது. 2015இல், வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்குப் போகும் செவிலியரை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பணியைச் செய்வது 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அதே பாதுகாப்பை ஆசிரியருக்கும் விரிக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, நம் நாட்டுக்கு வரும் ஆசிரியர். இந்தியாவில் வேலை விசா பெற ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய் ஊதியம் வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது. ஆங்கிலம் தவிர்த்த மொழிகளைக் கற்பிப்போருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. உள்ளூர் ஆசிரியரின் வேலையைக் காப்பது அந்த வரம்பின் நோக்கம். அதை நான் மதிக்கிறேன். வேலைவாய்ப்பைக் காப்பதும் அரசின் கடமைதான். அதை அந்தப் பெயரிலேயே சொல்லிக் கேட்கலாம். பிரெஞ்சோ ஜப்பானிய மொழியோ கற்பிக்க வருபவருக்கு விலக்குத் தந்ததில், நம் பிள்ளைக்கு எது தேவை என்று சட்டம் ஒரு கணம் யோசித்திருப்பது தெரிகிறது.

கடைசியாக, மிகவும் கனமானது. நம் மாநிலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். இங்கேயே பள்ளியில் படித்தார்கள், இங்கேயே கல்லூரிக்குப் போனார்கள். பி.எட். முடித்தவர்களும் உண்டு. தமிழ் அவர்களுடைய தாய்மொழி. சட்டத்தின் பார்வையில் அவர்கள் அயல்நாட்டார். பொதுப் பணியில் சம வாய்ப்பு என்ற உரிமையை நம் அரசமைப்பின் 16ஆம் பிரிவு குடிமக்களுக்கே தருகிறது. ஆகவே அரசுப் பள்ளி ஆசிரியர் பணி அவர்களுக்கு எட்டாமல் நிற்கிறது. நியூயார்க்கில் நார்விக் முன் குடியுரிமை பெறும் வழி திறந்திருந்தது, அவர் அதை விரும்பவில்லை. இந்தப் பிள்ளைகளில் பலர் குடியுரிமையை விரும்புகிறார்கள், வழிதான் திறக்கவில்லை. தகுதி இருக்கிறதா? இருக்கிறது. மொழி இருக்கிறதா? நம் மொழியே. நடத்தைச் சான்று வேண்டுமா? நம் காவல் நிலையமே தரும். குழந்தைக்கு எது குறைகிறது என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. அவர்கள் நம் பள்ளிகளில் கற்பிக்கச் சட்டம் இடம் கொடுக்க வேண்டும். அதற்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், நம் ஆசிரியர் சங்கங்கள் அவர்களுக்காக முதலில் வாய் திறக்க வேண்டும்.

மாணவ ஆசிரியர்களே, உங்களில் சிலர் கடல் கடந்து போவீர்கள். உங்களிடம் கேட்கப்படும் தகுதியையும் நன்னடத்தையையும் மொழியையும் மனமுவந்து காட்டுங்கள், அவை அந்த நாட்டுக் குழந்தையின் உரிமை. அதற்கு அப்பால் உங்கள் பிறப்பையோ உங்கள் கடனையோ வைத்து யாராவது உங்களைச் சிறுமைப்படுத்தினால், சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கத் தயங்காதீர்கள். இங்கேயே இருக்கப்போகும் மற்றவர்கள், உங்கள் ஆசிரியர் அறைக்கு வேற்று நாட்டிலிருந்தோ முகாமிலிருந்தோ ஒருவர் வந்து சேரும் நாளில், அவரைச் சக ஆசிரியராக நடத்துங்கள்.